ஊர் ஒதுக்கியவரைக் கோயிலில் ஏற்பது எப்படி? செட்டிநாட்டுப் பங்குகளிலும் சபைகளிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் வட்டாரத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் குறைவு. ஒரு கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் ஒருவருக்கொருவர் சம்பந்தி, பங்காளி, அல்லது பிள்ளைக்குப் பாடம் எடுத்த டீச்சர். ஒரு வீட்டில் ஒன்று நடந்தால் மறுநாள் பொழுது சாய்வதற்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும். அதன்பின் அந்த வீட்டார் கோயிலுக்கு வருவது நின்றுபோகும். "வராதே" என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டிய அவசியமும் இருக்காது.

அன்பியப் (பங்கின் தெருவாரிக் குழு) பொறுப்பாளர்கள், பங்குப் பேரவையினர், சபைக் கமிட்டியார், பெண்கள் ஐக்கியத்தார் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். கத்தோலிக்க நடைமுறையும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் நடைமுறைகளும் வேறுபடும் இடங்களில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

இயேசு பாவிகளிடம் அன்பாக இருந்தார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவர் குறிப்பாகச் செய்தது என்ன?

சேர்ந்து சாப்பிட்டார். லூக்கா 15ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் பரிசேயர்கள் அவர்மேல் வைக்கும் குற்றச்சாட்டே அதுதான்: பாவிகளை ஏற்றுக்கொள்கிறார், அவர்களோடு உண்கிறார். அவர்களுக்குப் போதித்தார் என்று யாரும் குறை சொல்லவில்லை. போதிப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருந்ததில்லை, இன்றும் இல்லை. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்ததுதான் உறுத்தியது. யார் எந்தப் பந்தியில் உட்கார்ந்தார், யார் எழுந்து போனார் என்பதை இருபது வருஷம் ஞாபகம் வைத்திருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று கவனியுங்கள். எரிகோவில் சக்கேயு மரத்தில் இருக்கும்போதே "இன்று உன் வீட்டில் தங்க வேண்டும்" என்கிறார் இயேசு. ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சக்கேயு சொல்வது அதற்குப் பிறகு (லூக்கா 19). மாற்கு 2ஆம் அதிகாரத்தில் சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருந்த லேவியைக் கூப்பிடுகிறார்; கூப்பிட்ட கையோடு அவன் வீட்டு விருந்து. யோவான் 4இல் சமாரியப் பெண்ணிடம் முதலில் தண்ணீர் கேட்கிறார். அவளுடைய ஐந்து கணவர்களைப் பற்றிய பேச்சு பின்னால்தான் வருகிறது. உறவு முன்னால், மாற்றம் பின்னால். நம் கோயில்களில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது: "திருந்திட்டு வரட்டும், அப்புறம் பார்ப்போம்." கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்தத் தலைகீழை நேராக்குவது பற்றியவை.

அப்படியானால் பாவத்தைப் பாவம் என்று சொல்லவே கூடாதா?

சொல்லலாம். யார், எப்போது, எவர் முன்னிலையில் சொல்வது என்பதுதான் கேள்வி.

யோவான் 8இல் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்துகிறார்கள். மோசேயின் சட்டப்படி (இணைச்சட்டம் 22:22) ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தண்டனை. பிடித்தது கையும் களவுமாக என்றால் ஆண் எங்கே? அதே நூலின் 17:7இன்படி முதல் கல்லைச் சாட்சிகள் எறிய வேண்டும். "உங்களில் பாவம் இல்லாதவர் முதல் கல் எறியட்டும்" என்ற வார்த்தை நேராக அந்தச் சாட்சிகள்மேல் போய் விழுகிறது. பெரியவர்கள் முதலில் நகர்கிறார்கள். எல்லாரும் போன பிறகு, தனியாக, "நானும் தீர்ப்பளிக்கவில்லை" என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் "இனிப் பாவம் செய்யாதே" என்கிறார்.

இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கிறவர்கள் பாதிப்பேர் கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசுகிறார்கள். கல்லைக் கீழே போட்ட பிறகுதான் அந்த வாக்கியம் வருகிறது.

ஊர் பாவம் என்று சொல்வதெல்லாம் பாவமா?

இல்லை. கணவனை இழந்தவர் மறுமணம் செய்தால் எந்தத் திருச்சபையின் போதனைப்படியும் பாவமில்லை. ரோமர் 7:2-3 அதை வெளிப்படையாகவே சொல்கிறது. சாதி மாறிக் கல்யாணம் செய்தவர் பாவம் செய்யவில்லை. அடி தாங்காமல் பிரிந்து வந்த பெண் பாவம் செய்யவில்லை. பிள்ளை இல்லாத தம்பதி, எச்.ஐ.வி. தொற்றுள்ளவர், மனநலச் சிகிச்சை எடுப்பவர், குழுக் கடன் கட்ட முடியாமல் வெளியூர் போனவர் ஆகியோர்மேல் ஊர் பூசும் கறைக்கு விவிலியத்தில் ஆதாரம் கிடையாது. பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி "யார் செய்த பாவம்?" என்று சீடர்கள் கேட்டபோது, இவரும் செய்யவில்லை, பெற்றோரும் செய்யவில்லை என்று இயேசு வெட்டிவிட்டார் (யோவான் 9:3).

இவர்களை "மன்னித்து ஏற்றுக்கொள்கிறோம்" என்று பேசுவதும் தவறு. மன்னிக்க அங்கே ஒன்றும் இல்லை. நாம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். சாதி மாறிக் கட்டியவரைப் பற்றிப் புறணி பேசுகிறவர், கல்லறையிலும் திருவிழா மண்டகப்படியிலும் சாதி பார்ப்பதைப் பாவமாக எண்ணுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

வெகுநாள் வராதவர் ஒரு ஞாயிறு திடீரென்று வந்தால் என்ன செய்வது?

மற்றவர்களிடம் எப்படி நடப்பீர்களோ அப்படியே. "எங்க இவ்வளவு நாளா ஆளையே காணோம்?" என்பது அன்பாகக் கேட்பதுபோல் இருந்தாலும் அது விசாரணை. பதில் சொல்லக் கூசித்தான் அவர் இத்தனை நாள் வரவில்லை. "வாங்கக்கா, இங்க உக்காருங்க" என்றால் போதும். பாட்டுப் புத்தகம் இல்லையென்றால் ஒன்று கொடுங்கள். தோளில் கை போட்டுக் கண்ணீர் விடவும் வேண்டாம், பீடத்திலிருந்து பெயர் சொல்லி வரவேற்கவும் வேண்டாம். நாற்பது பேர் திரும்பிப் பார்த்தால் அடுத்த ஞாயிறு அவர் வரமாட்டார்.

சறுக்கல் பெரும்பாலும் கோயிலுக்கு உள்ளே நடப்பதில்லை, முடிந்து வெளியே வரும்போது நடக்கிறது. எல்லாரும் கூட்டம் கூட்டமாக நின்று பேசுவார்கள். புதிதாக வந்தவர் மட்டும் தனியாகச் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். இந்த ஐந்து நிமிஷத்துக்கு ஒரு ஆளை முன்கூட்டியே பொறுப்பாக வையுங்கள். அவர் வம்பளக்காதவராக, முடிந்தால் வந்தவர் வயதை ஒத்தவராக இருக்க வேண்டும். டீ குடிக்கக் கூப்பிடுவது, பஸ் ஸ்டாண்டு வரை கூட நடப்பது போதும். பேச்சு மழை, விலைவாசி, பிள்ளை படிப்பு என்று இருக்கட்டும்.

திருவிழா அசனத்திலும் (பொது விருந்து) இதேதான். அவரைக் கடைசிப் பந்திக்கு நிறுத்திவைக்காதீர்கள். பங்குப் பேரவைத் துணைத்தலைவரோ சபைச் செயலரோ அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டால், ஊருக்குச் சொல்ல வேண்டியது சொல்லப்பட்டுவிடும். அறிவிப்பு எதுவும் தேவையில்லை. யாராவது எழுந்து போனால் போகட்டும், சமாதானம் பேசி உட்கார வைக்க முயலாதீர்கள்.

வீடு சந்திக்கப் போகலாமா?

போகலாம், ஆனால் படையாகப் போகக் கூடாது. இரண்டு பேர் போதும். பெண் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஒரு பெண்ணாவது போக வேண்டும். முதல் நாளே போன் செய்து, "நாளைக்கு அஞ்சு மணிக்கு வரலாமா?" என்று கேளுங்கள்; வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அரை மணிக்குமேல் உட்காராதீர்கள். கொடுத்த காப்பியைக் கட்டாயம் குடியுங்கள். "இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்" என்பதற்கு நம் ஊரில் வேறு அர்த்தம் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஜெபம் செய்யலாமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அடுத்தடுத்துச் சுவர் ஒட்டிய வீடுகளில் சத்தமாக, "ஆண்டவரே, இந்த மகள் செய்த விபசாரப் பாவத்தை..." என்று ஜெபித்தால் அது தெருவுக்கே செய்தி வாசிப்பதாகும். மெதுவாக, நடந்த விஷயத்தின் பெயர் சொல்லாமல், சுருக்கமாக முடியுங்கள்.

அவருக்காக ஜெபிக்கும்படி வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

கூடாது. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் போகும் புறணிதான் நம் சபைகளில் அதிக ஆட்களை வெளியே தள்ளியிருக்கிறது. அவரே எழுதித் தந்தால் அந்த வார்த்தைகளை மட்டும் போடுங்கள். பெயர் சொல்லாமல், "புதுவயலிலிருந்து ஒரு சகோதரிக்காக" என்று போட்டாலும் யாரென்று எல்லாருக்கும் தெரியும். எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் தடை செய்கிறது.

கத்தோலிக்க ஒப்புரவில் (பாவசங்கீர்த்தனம்) சொன்னது வேறு வகை. குரு அதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்ல முடியாது (திருச்சபைச் சட்டம் 983). "சாமிகிட்ட சொன்னா மேடையில ஜாடையாப் பேசிடுவாரு" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. உள்ளூரில் சொல்லத் தயங்குகிறவர் பக்கத்து ஊரிலோ திருத்தலத்திலோ முன்பின் தெரியாத குருவிடம் சொல்லலாம். அதில் தவறு எதுவும் இல்லை.

விவாகரத்து ஆனவர் நற்கருணை வாங்கலாமா?

கத்தோலிக்கர்களிடம் இதில் பெரிய குழப்பம். விவாகரத்து மட்டும் ஆகி, மறுமணம் செய்யாதவருக்கு அந்தக் காரணத்தால் எந்தத் தடையும் இல்லை. கணவன் விட்டுவிட்டுப் போன பெண்கள் பல வருஷம் தாங்களாகவே நற்கருணை வாங்காமல் பின்பெஞ்சில் இருக்கிறார்கள். யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்; பங்குத்தந்தை சொன்னால் நல்லது.

முதல் திருமணம் திருச்சபையில் செல்லுபடியாக இருக்கும்போதே வேறு மணம் செய்தவர் நிலை வேறு. அவரும் சபைநீக்கம் செய்யப்பட்டவர் அல்லர். திருப்பலிக்கு வரலாம், அன்பியத்தில் சேரலாம், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கேட்கலாம். 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'அமோரிஸ் லெத்தீத்சியா' ஏட்டின் 8ஆம் அதிகாரம் ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியாகக் குருவோடு சேர்ந்து தேர்ந்து தெளியச் சொல்கிறது. ஆகவே முதல் படி, குருவிடம் நேரம் வாங்கி உட்கார்ந்து பேசுவது. திருப்பலிக்கு முன் சக்ரீஸ்தில் (குரு உடை மாற்றும் அறை) நின்றபடி கேட்டால் நல்ல பதில் வராது.

முதல் திருமணமே செல்லுபடியானதா என்ற ஐயம் இருந்தால் மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். நம் வட்டாரத்தில் சிவகங்கை மாவட்டப் பங்குகளுக்குச் சிவகங்கை மறைமாவட்டம் (1987இல் மதுரையிலிருந்து பிரிந்தது). ஞானஸ்நானச் சான்று, திருமணச் சான்று, நடந்ததை வரிசையாக எழுதிய மனு, விஷயம் தெரிந்த சாட்சிகள் ஆகியவை தேவை. 2015 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப்பின் இரண்டாவது நீதிமன்றமும் அதே தீர்ப்புத் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இது சிவில் விவாகரத்தைத் தராது. அதற்குக் குடும்ப நீதிமன்றம் தனி.

சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் திருவிருந்து நிறுத்தம் உண்டா இல்லையா என்பது சபைப் போதகரும் கமிட்டியும் எடுக்கும் முடிவு. வாய்மொழியாக விடாமல் எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாம் தாரமாக இருக்கும் பெண்ணையும் பிள்ளைகளையும் எப்படி நடத்துவது?

நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு வரலாறே இருக்கிறது. தேவகோட்டையிலிருந்து அதிகத் தூரமில்லாத ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று புனித அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்றபோது ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவரான கடலாயி, ராமநாதபுர மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவர் போய் மன்னரிடம் முறையிட்டதுதான் அந்தச் சாவில் முடிந்தது. அருளானந்தர் 1947இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். பிரசங்கங்களில் கடலாயி எப்போதும் வில்லி. ஒரே நாளில் வீடும் மரியாதையும் இழந்த பெண்களின் பக்கம் நின்று அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அரிது.

திருச்சபையின் இன்றைய சட்டம் அந்தப் பக்கத்தையும் பார்க்கிறது. பல மனைவியருள்ள ஒருவர் ஞானஸ்நானம் பெற்று ஒருவரோடு மட்டும் வாழும்போது, விலக்கப்படும் பெண்களின் தேவைகள் நீதிப்படியும் அன்பின்படியும் போதுமான அளவு கவனிக்கப்படுவதை மறைமாவட்ட ஆயர் உறுதிசெய்ய வேண்டும் (சட்டம் 1148). ஜீவனாம்சத்துக்கு வழிசெய்யாமல், "அவளை விட்டுடு, பாவம் போயிடும்" என்று ஆலோசனை சொல்வது சட்டத்துக்கும் புறம்பு, இரக்கத்துக்கும் புறம்பு.

பிள்ளைகள் விஷயத்தில் விவாதமே கிடையாது. கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்வார்கள் என்ற நியாயமான நம்பிக்கை இருந்தால் ஞானஸ்நானம் கொடுக்கலாம். பெற்றோரின் திருமண நிலை தானாகவே தடையாகாது. ஞானோபதேச வகுப்பில் "அப்பா பேர் என்ன?" என்று எல்லார் முன்னும் கேட்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். விவரம் வேண்டுமென்றால் தாயிடம் தனியாகப் படிவத்தில் வாங்குங்கள்.

சீட்டுப் பிடித்து ஏமாற்றியவர் திரும்பி வந்திருக்கிறார். பணம் போனவர்களும் அதே கோயிலில்தான் இருக்கிறார்கள். என்ன செய்ய?

வட்டியும் வரவுசெலவும் ஊறிய மண்ணில் இதுதான் மிகக் கடினமான கேள்வி. "கர்த்தர் மன்னிச்சிட்டார், நீங்களும் மன்னிங்க" என்று மேடையிலிருந்து சொல்வது, இழந்தவர் பணத்தில் தருமம் செய்வதற்குச் சமம்.

சக்கேயுவைப் பாருங்கள். தானாக ஒப்புக்கொள்பவர் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்கிறது மோசேயின் சட்டம் (எண்ணிக்கை 5:7). திருடிய ஆட்டுக்கு நான்கு ஆடு என்பது பிடிபட்ட திருடனுக்கான கணக்கு (விடுதலைப் பயணம் 22:1). சக்கேயு கேட்காமலே திருடன் கணக்கைத் தன்மேல் எழுதிக்கொண்டார், அதற்குமேல் சொத்தில் பாதியை ஏழைகளுக்கு என்றார். விருந்துக்கு உட்கார்ந்த பிறகு இந்தக் கணக்கு பிறந்தது, ஆனால் பிறந்தது.

நடைமுறையில், அவர் திருப்பலிக்கு வருவதைக் கணக்கு முடியும்வரை தடுக்காதீர்கள். கணக்கைத் தனியாகத் தொடங்குங்கள். கோயில் பொறுப்பில் இல்லாத, இரு தரப்புக்கும் நம்பிக்கையான இரண்டு பேரை வைத்து யார் யாருக்கு எவ்வளவு என்று நோட்டில் எழுதி, கொடுக்க வேண்டியவரும் வாங்க வேண்டியவரும் கையெழுத்துப் போடட்டும். முதலில் சின்னத் தொகைக்காரர்கள்: சித்தாள் வேலை பார்த்து மாதம் ஐந்நூறு கட்டியவர், பூ விற்பவர். பெரிய தொகைக்காரர்கள் காத்திருக்க முடியும். மாதாமாதம் முடிகிற தொகையை வையுங்கள். பத்தாயிரம் தருகிறேன் என்று உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டு மூன்றாம் மாதம் நின்றுபோவதுதான் வழக்கமாக நடப்பது. கோயில் நிதியிலிருந்து இந்தக் கடனை அடைக்காதீர்கள். யாராவது போலீஸில் புகார் கொடுத்திருந்தால் வாபஸ் வாங்கச் சொல்லி நெருக்காதீர்கள். அது அவர்கள் உரிமை.

அவர் கையில் உண்டியல், நன்கொடை ரசீது, சுற்றுலாப் பணம் வேண்டாம். உண்டியலை எப்போதும் இரண்டு பேர் சேர்ந்து எண்ணுவது என்று எல்லாருக்கும் பொதுவிதி இருந்தால், இவரை மட்டும் தள்ளிவைத்தது போலத் தோன்றாது.

சிறையிலிருந்து வந்தவருக்கு முதலில் என்ன தேவை?

ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்ல மேடை தேவையில்லை. முதலில் தேவை காகிதம்: ஆதார், ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா, வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா. போன் எண் மாறியிருந்தால் ஆதாரில் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் எந்த ஓ.டி.பி.யும் வராது.

வழக்கு முடியாமல் கண்டிஷன் பெயிலில் வந்திருந்தால் குறிப்பிட்ட ஸ்டேஷனில் தினமும் காலையில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கலாம்; சில சமயம் வேறு ஊர் ஸ்டேஷனாகக்கூட இருக்கும். வேலை வாங்கித் தருகிறவர்கள் இதைக் கேட்காமல் காலை எட்டு மணி வேலையில் சேர்த்துவிட்டு, ஒரு வாரத்தில் "ஆள் ஒழுங்கா வர்றதில்லை" என்பார்கள். கையெழுத்து தவறினால் பெயில் ரத்தாகலாம். பெயில் உத்தரவின் நகலை வாங்கிப் படித்துவிட்டு வேலை தேடுங்கள். எதற்காக உள்ளே போனார் என்பதை முதலாளிக்குச் சொல்வதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். பொய் சொல்லி வேலை வாங்கித் தராதீர்கள், தெரிந்த அன்றே வேலை போகும்.

பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கு இங்கே உதவும். 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதை ரோமில் ஓர் இளங்குற்றவாளிகள் இல்லத்தில் செய்தார். 2016 ஜனவரி முதல் பெண்களையும் சேர்க்கலாம் என்று விதியே மாறிவிட்டது. பன்னிரண்டு பேர் பட்டியல் நன்கொடையாளர் பட்டியலாகவே ஆண்டுதோறும் இருக்க வேண்டியதில்லை.

குடியை விட வைக்க உபவாச ஜெபத்தில் உட்கார வைக்கிறோம். சரியா?

ஆபத்து. பல வருஷம் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் சிலருக்குப் பிதற்றல், இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல் வரும். சிகிச்சை இல்லையென்றால் உயிர் போகலாம். இந்தப் பிதற்றலைப் பிசாசு என்று எடுத்துக்கொண்டு கட்டிவைத்து ஜெபிப்பதும், சோறு தண்ணீர் கொடுக்காமல் உபவாசம் இருக்கச் சொல்வதும் கொலைக்குச் சமம். நிறுத்துவதற்கு முன்பே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். பி1 வைட்டமினும் நடுக்கத்துக்கான மருந்தும் கொடுத்து மருத்துவர் படிப்படியாகக் கொண்டுவருவார். ஜெபத்தை அந்த வார்டு வராந்தாவில் செய்யலாம்.

குடியை விட்டவர் திருவிருந்தில் திராட்சை ரசம் வாங்கத் தயங்கினால் அப்பம் மட்டும் வாங்கலாம்; சபைப் போதகரிடம் முன்பே சொல்லிவிட்டால் போதும். மறுபடி குடித்துவிட்டால்? பலருக்கு ஒன்றிரண்டு முறையாவது அப்படி நடக்கும். முதல் தடவையே "நம்ப வச்சுக் கழுத்தை அறுத்துட்டான்" என்று கைகழுவாதீர்கள். கையில் பணமாகக் கொடுக்காமல் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், அரிசி என்று மனைவியிடம் கொடுங்கள்.

கருக்கலைப்பு செய்த பெண் பல வருஷமாகக் குமைந்துகொண்டிருக்கிறார். மன்னிப்பு உண்டா?

உண்டு. இந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை 2015-16 இரக்கத்தின் யூபிலி ஆண்டுக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் அளித்தார். 2016 நவம்பரில் அதை நிரந்தரமாக்கினார். ஆயரிடம் போக வேண்டும், ரோமுக்கு எழுத வேண்டும் என்பவை பழைய பேச்சு. மாமியாரும் கணவரும் மிரட்டிக் கூட்டிப்போன இடத்தில் பொறுப்பின் பெரும்பங்கு யாருடையது என்பதையும் குரு கேட்பார். தனியாகப் போகக் கூச்சமென்றால் துணைக்கு ஒருவர் கோயில் வாசல்வரை வரலாம்.

உயிரை மாய்த்துக்கொண்டவருக்குக் கோயிலில் அடக்கச் சடங்கு உண்டா?

உண்டு. 1917 சட்டத்தொகுப்பில் இருந்த தடை 1983 தொகுப்பில் இல்லை. கடும் மனத்துயரும் அச்சமும் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது கத்தோலிக்க மறைக்கல்வி நூல் (2282, 2283). மணி அடியுங்கள். கல்லறையின் ஓரத்தில் தனியாகக் குழி வெட்டச் சொல்லாதீர்கள். போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடல் கையில் கிடைக்கச் சாயங்காலமாகிவிடும். குழி, வண்டி, விளக்கு ஏற்பாட்டை அதற்கேற்ப முன்பே செய்யுங்கள். நரகம், சபிக்கப்பட்ட சாவு என்று அடக்கத்தில் பேசுகிறவரிடம் மைக்கைக் கொடுக்காதீர்கள்.

முயன்று பிழைத்தவரிடம், "கேஸ் போடுவாங்க" என்று பயமுறுத்த வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்கிறது. பேச 14416 (டெலி மானஸ்) அல்லது 104.

திருநங்கையர் வந்தால் எங்கே உட்கார வைப்பது?

அவர் விரும்பும் இடத்தில். ஆண் பக்கம், பெண் பக்கம் என்று தனித்தனியாக உட்காரும் கோயில்களில் அவர்கள் பெரும்பாலும் பெண்கள் பக்கம்தான் போவார்கள். உபதேசியார் வந்து எழுப்பக் கூடாது. அவர் சொல்லும் பெயரால் கூப்பிடுங்கள். திருநங்கையர் ஞானஸ்நானம் பெறலாம் என்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை 2023 நவம்பரில் விளக்கம் வெளியிட்டது. குழப்பமோ இடறலோ ஏற்படும் ஆபத்து இல்லாத நிலையில் ஞானப்பெற்றோராகவும் இருக்கலாம் என்கிறது. தன்பாலீர்ப்புள்ள பிள்ளையின் பெற்றோர் அழுதுகொண்டு வந்தால் முதலில் சொல்ல வேண்டியது: பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பாதீர்கள். குணமாக்கும் கூட்டங்களுக்கும், கல்யாணம் செய்துவைத்தால் சரியாகும் என்ற யோசனைக்கும் பின்னால் போகாதீர்கள்; இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்வும் சேர்ந்து கெடும்.

பிள்ளைகளிடம் தவறாக நடந்தவரையும் இப்படி ஏற்க வேண்டுமா?

இங்கே வரவேற்பு வேறு வடிவம் எடுக்கும். முதல் இடம் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு. விஷயம் தெரிந்த யாராக இருந்தாலும் போலீஸில் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும்) சட்டத்தின் 19ஆம் பிரிவு. மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை (பிரிவு 21). கமிட்டி கூடிப் பேசி, மன்னிப்புக் கடிதம் வாங்கி, பணம் கொடுத்து முடிப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு எந்த நேரமும் போன் செய்யலாம். குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜெபமும் வழக்கறிஞரும் கிடைக்கத் தடையில்லை. ஆனால் பிள்ளை வரும் திருப்பலிக்கு அவர் வரக் கூடாது; மறைக்கல்வி, பாடகர் குழு, விடுமுறை வேதாகமப் பள்ளி எதிலும் திரும்ப எப்போதும் இடமில்லை. "ஆண்டவரே மன்னிச்சிட்டாரு" என்று கண்ணீர் விட்டாலும் இது மாறாது.

மனைவியை அடிப்பவரின் விஷயத்திலும், "சிலுவையைச் சுமந்துக்கம்மா" என்று அவளைத் திருப்பி அனுப்பாதீர்கள். பெண்கள் உதவி எண் 181.

சபை ஒழுங்கு நடவடிக்கை எடுத்தால் எவ்வளவு நாள்?

முடியும் தேதி குறிக்காத நடவடிக்கையை எடுக்காதீர்கள். மத்தேயு 18இன் படிகள் தெரிந்ததுதான்: முதலில் தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, கடைசியில் சபை. நம் கமிட்டிகள் பெரும்பாலும் மூன்றாம் படியிலிருந்து தொடங்குகின்றன. அதன்பின்னும் கேட்காதவர் "வரி தண்டுபவர்போல இருக்கட்டும்" என்ற வாக்கியத்தை வைத்து ஒதுக்குகிறவர்கள், அதை எழுதிய நற்செய்தியின் பெயருக்குரிய மத்தேயுவே சுங்கச்சாவடியிலிருந்து கூப்பிடப்பட்டவர் என்பதை யோசிக்க வேண்டும். கொரிந்தில் ஒருவரைக் கண்டித்த சபைக்குப் பவுல் பின்னர் எழுதியது: தண்டித்தது போதும், இனி மன்னித்துத் தேற்றுங்கள், இல்லாவிட்டால் அவர் அளவுமீறிய துயரத்தில் மூழ்கிப்போவார் (2 கொரிந்தியர் 2:6-8). மூன்று மாதம் என்றால் மூன்று மாதம். முடிந்த ஞாயிறு கமிட்டியிலிருந்து ஒருவர் போய்க் கூட்டிவர வேண்டும். அவரே வந்து கெஞ்சட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வருஷக்கணக்காக ஒழுங்காகக் கோயில் வரி கட்டி, பீடம் துடைத்து, பாடுபட்டவர்கள், "எங்களுக்கு என்ன மரியாதை?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான வலி. ஊதாரி மகன் உவமையில் மூத்தவனும் இதையே கேட்டான்; அவனைத் தேடியும் அப்பா வெளியே வருகிறார். மூத்தவன் கடைசியில் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை. இவர்களைப் "பரிசேயர்" என்று திட்டினால் ஒன்றும் நடக்காது. அவர்களிடம் தனியாகப் பேசுங்கள், செய்த வேலைக்குப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள், ஒருவேளை வரவேற்புப் பொறுப்பையே அவர்களில் ஒருவருக்குக் கொடுத்துப் பாருங்கள். சிலர் வரமாட்டார்கள்.

இந்து வீட்டார், "ஆளைப் பிடிக்கிறாங்க" என்று நினைக்க மாட்டார்களா?

உதவிக்கும் ஞானஸ்நானத்துக்கும் முடிச்சுப் போடாவிட்டால் நினைக்க மாட்டார்கள். கடனில் இருப்பவர், சிறையிலிருந்து வந்தவர், குடிநோயாளி போன்றோருக்கு உதவும்போது ஜெப அட்டையை அரிசிப் பையில் வைக்காதீர்கள்.

ஒரு தடவை வந்தவர் மறுபடி வராமல் போய்விட்டால்?

இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு போன். "சும்மா கேட்டேன், நல்லா இருக்கீங்களா?" என்பதோடு நிறுத்துங்கள். அன்பியப் பட்டியலில் பெயரை அடிக்காதீர்கள். பட்டியலில் இருந்தால்தான் கிறிஸ்மஸ் கேக்கும் திருவிழா அழைப்பிதழும் மற்ற வீடுகளைப்போல அந்த வீட்டுக்கும் போகும். பாக்கி வரியைக் கேட்டுக் கணக்கர் முதலில் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.